ஜெசிக்குக் காற்றுப் போட்ட மாலைகள்

போன கிழமை பிரஷர் பார்க்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். தாதிப் பிள்ளை என் கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து இறுக்கிவிட்டு, மெல்லக் காற்றைத் திறந்துவிட்டாள். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பட்டி கையில் தொங்கத் தொங்க நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "என்னக்கா, நோகுதே?" என்றாள். இல்லை என்றேன். எங்கள் வீட்டு ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு கிழிசல் இருக்கிறது, அதுவும் இப்படித்தான் மூச்சு விடும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

அந்த ஆர்மோனியம் மூதூரிலிருந்து வந்தது. கனடாவுக்குப் போன ஒரு ரீச்சர் விட்டுச் சென்றதை, என் கணவர் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கடல்வழியாகக் கொண்டுவந்தார். அந்த மணம் அதை விட்டுப் போகவேயில்லை. வெயிலில் வைத்தேன், கற்பூரம் போட்டேன், எலுமிச்சங்காய்த் தோலால் தேய்த்தேன். கோயிலில் பாடுகிற பிள்ளைகள், எங்கள் பாட்டைக் கேட்டால் பசிக்கிறது என்று பகிடி பண்ணுவார்கள். துருத்திக் கிழிசலுக்குச் சைக்கிள் கடைக்காரர் ரியூப் துண்டு வைத்து ஒட்டித் தந்தார். ஒட்டு முழுதாகப் பிடிக்கவில்லை. ஊதும்போதெல்லாம் அதன் ஓரத்தால் கொஞ்சம் காற்று போய்க்கொண்டே இருக்கும்.

வாசித்தவள் என் மகள் ஜெசி. வலக்கை கட்டைகளில், இடக்கை பின்னால் துருத்தியில். நான் வாசிக்கத் தெரியாதவள். ஆனால் பக்கத்தில் இருந்து மேசையில் தாளம் தட்டி, பிழை பிடிக்க மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்குத்தானே அது அதிகமாகத் தெரியும்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. தவக்காலம் தொடங்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது. சிலுவைப்பாதைப் பாட்டுகள் பழகிக்கொண்டிருந்தோம். கோயிலில் ஆறு மணி அடித்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மணி ஓய்ந்த பிறகு பார்த்தால், பாட்டு நடுவில் இளைத்து இளைத்துப் போகிறது. ஏன் பிள்ளை காற்றை விடுகிறாய் என்று கேட்டேன்.

"கை வருகுதில்லை அம்மா" என்றாள்.

இரண்டு நாளாகப் பழக மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள். நான் அதை அந்தக் கணக்கிலேயே எடுத்தேன். "சாட்டுச் சொல்லாமல் வாசி" என்றேன். அவள் வாசித்தாள். இடக்கை துருத்தியில் இருந்து வழுக்க வழுக்க, அதைத் தூக்கித் தூக்கி வைத்து வாசித்தாள். நான் தாளம் தட்டினேன். ஆறரைக்குக் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் நெஞ்சின் வால்வைப் பழுதாக்கிவிட்டிருந்ததாம். அங்கே உறைந்த இரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்விட்டது. அந்தக் காய்ச்சலோடு முழங்கால் நோகிறது என்று அழுதபோது, ஓடித் திரிந்த நோ என்று எண்ணெய் பூசிவிட்டவளும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எத்தனை மணிக்குத் தொடங்கினது, அம்மா?" ஜெசி பக்கத்துக் கட்டிலில் வாய் கோணிக் கிடந்தாள். கணவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறரை இருக்கும், டொக்டர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அந்த அரை மணித்தியாலம் அவளுக்கு என்ன செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள்.

மூன்று மாதத்தில் கெந்திக் கெந்தி நடந்தாள். பேச்சு வந்தது. சொற்கள்தான் கொஞ்சம் வழுக்கும். இடக்கை மட்டும் வரவில்லை. அதை யாரோ தந்துவிட்டுப்போன பார்சல் மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். நான் ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடி, மேலே துவைத்த உடுப்புகளை அடுக்கி, அது அங்கே இல்லாத மாதிரி நடந்துகொண்டேன். ஒருநாள் குசினியில் இருந்து வரும்போது, உடுப்பெல்லாம் நிலத்தில் கிடக்கிறது. பெட்டி திறந்திருக்கிறது.

"அம்மா, நீங்கள் காத்துப் போடுங்கோ" என்றாள்.

காற்றுப் போடுவதென்றால் லேசு என்று நினைத்திருந்தேன். பயந்த மனுசி எதையும் இறுக்கித்தானே பிடிப்பாள். காற்று நின்றுவிடுமோ என்ற பயத்தில் நான் விட்ட வேகத்துக்கு, எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் வாசலில் படுத்திருந்த ஒன்று எழும்பி ரோட்டைக் கடந்து போனது. ஜெசி சிரித்தாள், ஒரு பக்கத்து வாயால். "அடுப்பு ஊதுற மாதிரிப் போடாதேங்கோ. இது பாட்டு, புட்டில்லை" என்றாள். பிறகு தன் தோளைப் பார்க்கச் சொன்னாள். பாட்டு ஏறுமுன் வலத்தோள் ஒரு நூல் உயரும்; அப்போது காற்றைக் கூட்டவேண்டும். சொல் முடியும்போது தோள் இறங்கும், அப்போது விடவேண்டும். வருடக்கணக்காக அவளுக்குப் பக்கத்தில் இருந்து பிழை பிடித்த நான், அவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன்.

கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. மாலையில் கப்பல் ஊதினால் ஜெசி பாட்டை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தைக் கட்டைகளில் தேடுவாள். "கெதியா, கெதியா" என்று என்னை அவசரப்படுத்துவாள். கப்பல் ஓய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவள்தான் ராணி. அடுத்த தவக்காலத்தில் கோயிலிலும் வாசித்தோம், ஒரு வாங்கில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு. சிலர் அழுதார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டைக் கேட்காமல் கையைப் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏசினாள்.

ஒன்றுதான் எனக்கு அடங்கவில்லை. ஆறு மணி அடித்தால் என் கை தானாக நின்றுவிடும். பாட்டு செத்துப்போகும். சிலுவை போடத்தான் நிறுத்துகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருநாள் மணி ஓய்ந்த பிறகும் அவள் விரல்களைக் கட்டையில் இருந்து எடுக்கவில்லை.

"அண்டைக்கு மணி அடிக்கேக்கையே கை விழுந்திட்டுது அம்மா. நீங்கள் டொக்டரிட்டை ஆறரை எண்டு சொன்னதைக் கேட்டனான். வாய்தான் திறக்க ஏலாமல் கிடந்தது."

நான் துருத்தியைப் பிடித்தபடி இருந்தேன். காற்று ஒட்டின் ஓரத்தால் போய்க்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இப்ப காத்தைப் போடுங்கோ" என்றாள். தோள் உயர்ந்தது. போட்டேன்.

அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. அவள் மன்னித்தாளா, இல்லை, காற்றுக்கு ஆள் வேண்டும் என்று பொறுத்தாளா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த மாலைகள் எனக்குக் கிடைத்தன.

இரண்டாவது தடவை கார்த்திகை மழைக்குள் வந்தது. அவள் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கமுதல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு பத்து. ஓட்டோவில் போகும்போது அதையே செபமாலை மாதிரிச் சொல்லிக்கொண்டு போனேன். டொக்டர் கேட்கமுதலே நாலு பத்து என்றேன். நேரம் சரியாகத் தெரிந்தது நல்லது, மருந்து கொடுக்க அதுதான் கணக்கு என்றார். மூன்றாம் நாள் எங்களை உள்ளே கூப்பிட்டு, கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கோயிலில் இப்போது யாரும் கயிறு பிடித்து மணி அடிப்பதில்லை. பதிவுசெய்த மணி, ஒலிபெருக்கியில். கயிற்று மணி சில நாள் முந்தும், சில நாள் பிந்தும். இது ஒரு நிமிடமும் பிசகாது. பாட்டுக்குக் கீபோர்ட் வாங்கிவிட்டார்கள். அதற்குக் காற்றுத் தேவையில்லை, ஒருவர் போதும்.

கிளினிக்கால் வந்த அன்று பெட்டியைத் திறந்தேன். கருவாட்டு மணம் அப்படியே இருந்தது. துருத்தியைப் பிடித்து, அவள் சொல்லித் தந்த மாதிரி, மெதுவாகக் காற்றுப் போட்டேன். அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவசரமாகக் கட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக அமத்தினேன். கப்பல் ஓய்ந்துவிட்டது. எத்தனை மாலை அவள் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தபோது பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். அவள் தோளை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. விரல் எங்கே போனது என்று பார்க்கவேயில்லை.