சபேட்டோ வெந்நீரின் உப்பு

சபேட்டோ பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருந்த முகாமை விட்டுக் கீழே நடந்துகொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போன வேனிலிருந்து எங்கள் வெள்ளைக்கார இன்ஜினியர் கையசைத்தார். வேனில் கருவிப் பெட்டிகளுக்கே இடம் போதவில்லை, நான் எங்கே ஏறுவது? அவர் நாந்தியில் விமானம் பிடிக்க வேண்டியவர். நான் போக வேண்டியது அக்கா வீடு, நடக்கிற தூரம்தான். ஃபிஜியின் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டதாக ரேடியோ சொன்னது. அவருடைய கம்பெனி உடனே திரும்பி வரச் சொல்லிவிட்டது.

முன்பு நடந்த கவிழ்ப்பில் என் பள்ளிக்கூடம் போனது. இந்தத் தடவை வேலை.

பிடித்த வேலை அது. பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்கும் கூட்டத்தோடு தீவு தீவாகப் போனேன். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஊற்றில் இறக்குவதும், புட்டிகளில் தண்ணீர் பிடிப்பதும் என் பங்கு. சவுசவுவில் பெண்கள் கொதிக்கும் ஊற்றில் சட்டியை வைத்து டாலோ கிழங்கு அவிப்பார்கள். வெந்து எடுக்கும் வரை இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவருக்கும் ஒரு துண்டு கிடைக்கும். லம்பாசாவில் கரும்புக்கு நடுவே ஆவி பறக்கும். ரக்கிரக்கிப் பக்கம் ஓர் ஊற்றோரம் மாடுகள் வந்து படுத்துக்கொண்டு, எங்களுக்கு வழி விடாமல் கிடக்கும்.

எங்கே போனாலும் எங்களுக்கு முன்பே யாரோ வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். மின்சாரம் எடுக்கும் ஆழத்துக்குத் துளைத்தவர்தான் இல்லை. நியூசிலாந்தில் இதே ஆவியில் ஊர் ஊராக விளக்கு எரிகிறது என்பார் இன்ஜினியர். இங்கே துளைக்கிற செலவைக் கேட்டதும் அரசாங்கம் யோசிக்கும், யோசித்து முடிப்பதற்குள் அரசாங்கமே மாறிவிடும். அதுவரை மின்சாரத்துக்கு டீசல்தான் கப்பலில் வந்துகொண்டிருக்கும்.

சபேட்டோவில்தான் அவர் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டார். ஊற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இத்தனை உப்பென்றால், தண்ணீர் வெகு ஆழத்திலிருந்து, நல்ல சூட்டிலிருந்து வருகிறது என்றார். என் அக்கா வீட்டுக்காரர், மாமா, அங்கேதான் கரும்பு போட்டிருந்தார். துளை போடுவதற்கு அடையாளமாக அவர் தோட்டத்து ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தார்கள்.

அந்தக் குச்சி மாமாவைக் கட்டிப்போட்டுவிட்டது. நிலம் பக்கத்துக் கிராமத்துப் பூர்வகுடி ஃபிஜியர்களுடையது. லீஸ் முடிய இன்னும் ஒரு கரும்பு வெட்டுதான் பாக்கி. சிட்னியில் இருந்த மாமாவின் தங்கை குடும்பத்தோடு வரச் சொல்லி, காகிதமெல்லாம் முடிந்து, விசாவுக்கான மெடிக்கல் மட்டும் நின்றது. அந்த மாதத்துக்குள் டாக்டரிடம் போகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. மாமா போகவில்லை. பவர் அவுஸ் வந்தால் லீஸ் நீளும், இரண்டு பையன்களுக்கும் வேலை கிடைக்கும், எதற்கு ஓடுவது என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கரும்புக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளக்காரன் போய்ட்டான் மாமா. கலாஸ்."

"போவட்டும். திரும்பி வருவான்."

"யாரு சொன்னா?"

"உப்பு சொல்லுது. அவ்ளோ உப்பு எங்கயும் இல்லேன்னு நீதானே சொன்னே? அத உட்டுட்டுப் போவானா? நீயும் நல்லதா ஒரு சட்ட வாங்கிக்க மச்சான். பவர் அவுஸ்ல கிழிஞ்ச சட்டைக்கு வேல கெடைக்காது."

அக்கா ரொட்டி மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"அந்த உப்பு நான் போட்டது."

மாமா கத்தியைக் கீழே வைத்தார். "என்னா?"

"ஒங்க காலு சொறிக்குத்தான். மெடிக்கல்ல அதப் பாத்து ஒதுக்கிட்டா? மாரியம்மாவுக்கு வேண்டிக்கிட்டு வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம உப்பும் மொளகும் ஊத்துல கொட்டிட்டு வந்தேன்."

"எவ்ளோ உப்பு?"

"ஒரு பை."

"அரே! கறியில போடச் சொன்னா கை வராது."

நாங்கள் புட்டியில் தண்ணீர் பிடித்ததெல்லாம் சனிக்கிழமைக் காலைகளில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா சிரிக்கவில்லை.

"அப்பவே ஏன் சொல்லல?"

"குச்சி அடிச்ச அன்னிக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தீங்க. ஒங்கள அப்பிடிப் பாத்து எத்தினி நாளாச்சி."

மாமா கால்சட்டையை முழங்காலுக்குத் தூக்கிப் பார்த்தார். சொறி காய்ந்து போயிருந்தது. "காலு வந்துடுச்சி, பவர் அவுஸ் போயிடுச்சி" என்றார்.

சாயங்காலம் வழக்கம்போலப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நிலக்காரர் வந்தார். மாமா வயதுக்காரர். எங்களோடு இந்தியில்தான் பேசுவார். லேசாகக் கிறக்கம் தரும் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டோம். மாமா விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கிண்ணம் தளும்பச் சிரித்தார். மச்சானை ஃபிஜி மொழியில் தவாலே என்பார்கள். மாமாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

"தவாலே, விளக்கு வரப் போகுதுன்னு எங்க கிராமமே காத்துக்கிட்டிருக்கு. உன் பொண்டாட்டி எங்க எல்லாரையும் ஊறுகாய் போட்டுட்டா!"

"லீஸ்?" என்று மாமா கேட்டார்.

நிலக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பெரியவங்க நிலத்தத் திரும்பக் கேக்குறாங்க. பவர் அவுஸ் வருதுன்னு சொல்லித்தான் நான் தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன்."

மாமா வழக்கப்படி ஒருமுறை கைதட்டி, தன் பங்கைக் குடித்து முடித்தார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "காலைல லௌட்டோகா பஸ்ஸுக்கு எழுப்பு. நீயும் கெளம்பு. டாக்டருகிட்ட ரெண்டு பேரும்தான் போவணும்."

உள்ளே அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நிலக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணப் போற?"

"தெரியல."

"காலைல ஊத்துக்கு வா. ஏர்போர்ட் பக்கம்தானே, டூரிஸ்ட்டு எவனாவது சூடான சேத்துல உக்காரக் காசு குடுப்பான்."

"இந்த நேரத்துல எவன் வருவான்?"

"இப்ப வர மாட்டான். குட்ட சுத்தமாகவும் நாளாகும்."

மறுநாள் அக்காவும் மாமாவும் பஸ் ஏறினார்கள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் ஊற்றுக்குப் போனேன். நிலக்காரர் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். ஊற்றுக்குக் கீழே இருந்த குட்டையில் இறங்கி, வேரையும் கல்லையும் வாரிக் கரையில் போட வேண்டும். மதியத்துக்கு மீனும் மரவள்ளியும் உண்டு என்றார். சட்டையைக் கழற்றிக் கொய்யாக் கிளையில் மாட்டிவிட்டு, இடுப்பளவு சூடான சேற்றில் இறங்கினேன்.