மிஸ் பிடித்த கை

விஜயதசமியன்று என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். எனக்கு அன்று டூட்டி. ஓமன் நாட்டுச் சலாலாவில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஏசி மெக்கானிக் நான். ஊரில் பண்டிகை என்று இங்கே யார் வீட்டு ஏசியும் கெடாமல் இருப்பதில்லை. டீ குடிக்க உட்கார்ந்த நேரத்தில் மனைவி அனுப்பிய போட்டோ வந்தது. தாம்பாளம் நிறையப் பச்சரிசி. மிஸ்ஸின் மடியில் என் மகள். அரிசி மேல் மிஸ்ஸின் கை. அந்தக் கைக்குள் என் மகளின் கை. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பிள்ளையின் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் அந்த மிஸ்ஸின் மோதிரமும் கண்ணாடி வளையலும்தான்.

நல்லா இருக்கு என்று பதில் போட்டேன். வயிறு எரிந்தது. அந்த மடியும் கையும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். லீவு கேட்டுத்தான் பார்த்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். 'அ' அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்குமா?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிஸ் புராணம். என் மகள் பிறந்ததிலிருந்து கத்தரிக்காயைத் தொட்டதில்லை. நான் லீவில் போயிருந்தபோது காக்கா காட்டி, குருவி காட்டி, கெஞ்சிப் பார்த்தும் துப்பினாள். மிஸ் ஒரு நாள் சொன்னாராம், தின்றுவிட்டாள். தலையை மிஸ் மாதிரி ஒற்றைப் பின்னலாகத்தான் பின்ன வேண்டுமாம். சாயங்காலம் வீடியோ காலில் வந்தால் அவள் மிஸ், நான் பிள்ளை. "கையைக் கட்டு. வாய் மேல விரல வை" என்பாள். சுற்றிலும் ஆட்கள் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருக்கும் ரூமில், இரும்புக் கட்டிலில் நான் வாய் மேல் விரல் வைத்து உட்கார்ந்திருப்பேன். அந்த மிஸ்ஸாக நடிப்பதில் என் மகளுக்கு இருந்த ஆனந்தத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொல்லிக்கொடுத்த லட்சணமும் எனக்குப் பிடிக்கவில்லை. பச்சைப்பயறையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவை உருட்ட விடுங்கள், பழைய பேப்பரைக் கிழிக்கட்டும், கதை சொல்லுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவார். எழுத்து மட்டும் பொங்கல் கழித்துத்தானாம்.

"விரல் முதல்ல பலமாகணுமாங்க. இப்பவே பென்சிலைக் குடுத்து எழுது எழுதுன்னு உயிரை வாங்காதீங்கன்னு மிஸ் சொன்னாங்க" என்றாள் மனைவி.

"பயறு பொறுக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?"

"நமக்கென்னங்க தெரியும்? அவங்க படிச்சவங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த வாரம் ஒரு ஃபிளாட்டில் ஏசி சர்வீஸுக்குப் போனேன். ஃபேமிலி விசாவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் வீடு. நான் ஏணி மேல் நின்று ஃபில்டரைக் கழற்றுகிறேன். கீழே சோபாவில் அந்த மனுஷர் தன் பையனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கையைத் தன் கையால் மூடி, 'ஆ' எழுத வைத்துக்கொண்டிருந்தார். சுழி வரும் இடத்தில் இரண்டு தலைகளும் சேர்ந்து சாய்ந்தன. பையன் நடுவில் அலுத்துப்போய் நெளிய, அப்பாவும் சட்டென்று ஃபோனை எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபில்டரைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன். தூசி சோபா வரைக்கும் போனது. "பார்த்துப்பா" என்றார். மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்க ஃபோனைப் பார்க்கிற ஆளுக்கு அந்தத் தூசி போதாது.

திரும்பும்போது புது ஏசி வந்த அட்டைப்பெட்டி ஒன்றையும், ஸ்டோரில் கேட்டு ஒரு கறுப்பு மார்க்கரையும் எடுத்து வந்தேன். பொங்கல் வரைக்கும் அந்த மிஸ் பயறு பொறுக்கட்டும். என் மகளுக்கு எழுத்து என்னிடமிருந்துதான் வரும்.

அட்டையைக் கிழித்து 'அ' எழுதி, கேமரா முன் பிடித்துப் பார்த்தேன். திரையின் மூலையில் என் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தில் 'அ' இடவலம் மாறித் திரும்பித் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. பிள்ளைக்கும் இப்படித்தானே தெரியும்? கீழ்க்கட்டில் பாயிடம் காட்டினேன். முத்துப்பேட்டைக்காரர், சூக் என்கிற கடைத்தெருவில் சாம்பிராணிக் கடையில் நிற்கிறார், உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை.

"அது அப்படித்தான் தம்பி. முன்பக்கக் கேமரா எல்லாத்தையும் திருப்பிப்புடும். செல்ஃபி எடுத்தா சட்டையில உள்ள எழுத்து மாறித் தெரியுதுல்ல? நீங்க திருப்பி எழுதிப் பிடிங்க, அங்க நேரா விழும்."

அறிவாளி என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியிருக்குமே, அது மாதிரி எழுதப் பழகினேன். சும்மா இல்லை, 'அ'வைத் திருப்பி எழுதுவது கை வலிக்கிற வேலை. சைட்டுக்குப் போகும் பஸ்ஸின் தூசிக் கண்ணாடியில் விரலால் எழுதிப் பழகினேன். 'ட' சுலபம். 'இ' என்னைக் கொன்றது. 'ப'வுக்கு மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லை, எப்படித் திருப்பினாலும் 'ப'தான்.

டூட்டி முடிந்து குளித்ததும் கால். ஊரில் அப்போது விளக்கு வைத்திருப்பார்கள். மனைவி ஃபோனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அரை மணி நேரம் பிள்ளை அவள் காலைச் சுற்றாமல் இருந்தால் போதும் அவளுக்கு. நான் அட்டையைப் பிடிப்பேன், மகள் சிலேட்டில் பார்த்து எழுதி என்னிடம் காட்டுவாள். அவள் சிலேட்டில் எழுத்து திரும்பித்தான் இருக்கும். ஃபோன் திருப்புகிறது, அங்கே நேராக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். "சூப்பர்டா கண்ணு" என்பேன். அவள் தானே கைதட்டிக்கொள்வாள். மார்கழி முடிவதற்குள் 'அப்பா' என்று எழுதிவிட்டாள். அதற்கு முன் 'அம்மா'கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மிஸ்ஸுக்கு முன்னால் நான் என்று அன்றைக்குப் பாய்க்குக் கோழி பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் மனைவி வீடியோ காலில் வந்தாள். முகமே சரியில்லை.

"மிஸ் கூப்பிட்டு விட்டாங்க. எழுதச் சொன்னா எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் போடுறாளாம். சின்னப் பிள்ளைங்க ஒண்ணு ரெண்டு அப்படி எழுதுறது சகஜந்தானாம். இவ ஒண்ணு விடாம அப்படியே எழுதுறாளாம், வலப்பக்கக் கடைசியில ஆரம்பிச்சு இடப்பக்கம் வராளாம். எதுக்கும் கண் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னாங்க."

"அந்த மிஸ்ஸைப் போய்க் கண்ணைக் காட்டச் சொல்லு!" ரூமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். "நான் சொல்லிக்குடுத்து அவ அழகா எழுதுறா. இவங்களால பொறுக்க முடியல."

அவள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். திரும்பிய 'அப்பா'.

"சரியாத்தானே இருக்கு? ஃபோன் திருப்பிக் காட்டுது. அங்க நேரா இருக்கும்."

"எங்கங்க திருப்புது? எனக்குப் பின்னாடி காலண்டர் தெரியுதா?"

"தெரியுது."

"தேதி படிங்க."

படித்தேன். கிழமையைப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்த ராகுகாலம்கூட நேராக, ஒழுங்காகத் தெரிந்தது. இத்தனை நாளும் என் மகளின் தலைக்கு மேலேதான் அது தொங்கியிருக்கிறது. ஃபோன் எனக்கு என்னைத்தான் திருப்பிக் காட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் எல்லாம் உள்ளபடியே போயிருக்கிறது. நான் மெனக்கெட்டுத் திருப்பி எழுதியது திரும்பியபடியே என் பிள்ளை கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பாய் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அது போகட்டும்ங்க" என்றாள் மனைவி. "மிஸ் கையைப் பிடிச்சு மாத்தி எழுத வச்சா, வெடுக்குனு உருவிக்கிறாளாம். 'எங்கப்பா இப்படித்தான் எழுதுவாரு. எங்கப்பாவுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது'ன்னு கிளாஸ்ல ஒரே அழுகையாம். மூணு நாளா சிலேட்டையே தொடலையாம்."

பிள்ளை அழுதாள் என்பது காதில் விழுவதற்கு முன்னால் மற்றது விழுந்தது. உங்களுக்குத் தெரியாது, எங்கப்பாவுக்குத்தான் தெரியும். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். கத்தரிக்காய் தின்ன வைத்த மிஸ், ஒற்றைப் பின்னல் மிஸ், அவர் கையை என் மகள் உதறியிருக்கிறாள், எனக்காக. ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது என் தப்பான எழுத்து என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, அங்கே பள்ளிக்கூடம் உண்டு. வகுப்பிலிருந்தே கால் போடலாம் என்று மிஸ் சொல்லியனுப்பினார். காலையில் ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்தேன். அவர் முன்னால் நான் கைலியோடு தெரியக் கூடாது.

நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். மெலிந்த குரல். "சார், நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்" என்றார். பிறகு ஃபோனை என் மகளுக்கு நேராகத் திருப்பினார். என் மகள் குட்டி நாற்காலியில் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கைகளை உருவி, சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். திரும்பிய 'அ'.

"அப்பா, நீ சொல்லு. இப்படித்தானே?"

இரண்டு நாளாகப் பதிலை யோசித்து வைத்திருந்தேன். என் பக்கம் நிற்க இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவள். ஆமா என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது!

"இல்லம்மா. அப்பா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். மிஸ் எழுதுறதுதான் சரி."

அவள் சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"அப்பாவுக்கு நல்லாத் தெரியும்டா செல்லம், ஃபோன்தான் மாத்திக் காட்டிடுச்சு" என்று மிஸ் குறுக்கே வந்தார். என் பிள்ளையிடம் எனக்காக இந்தப் பெண் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

"தெரியலம்மா" என்றேன். "மிஸ்ஸுக்குத்தான் தெரியும். கையைக் குடு."

கொஞ்ச நேரம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கொடுத்தாள். மிஸ் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் கையைத் தன் கையால் மூடிக்கொண்டார். மெதுவாக ஒரு சுழி, ஒரு வளைவு, கீழே ஒரு இழுப்பு. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். முடித்ததும் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். நேரான 'அ'. என் முகத்தில் என்ன கண்டாளோ, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"அழாதப்பா. நீ லீவுல வா. உனக்கும் மிஸ் கையைப் பிடிச்சு சொல்லித் தருவாங்க."

பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. எனக்கு மிஸ் வேண்டாம், உன் கை போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் 'ஆ'வுக்காக மிஸ்ஸிடம் கையை நீட்டிவிட்டாள்.