ஆர்ஃபா பீமர் கட்ட மறுத்த தட்டுகள்

ஆர்ஃபா பீமர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. ஒஹையோ ஆற்றங்கரையில் எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் என் பக்கத்தில் நின்று சாமான்களை வைக்கோலில் சுற்றிக் கட்டினாள். அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

அவளுடைய ஒரே மகன் வேட் போன வருஷம் கியூபா சண்டையில் செத்துப்போனான். குண்டடிபட்ட எங்கள் ஊர்க் கர்னல் ஸ்ட்ரவுடின் இடக்கையைத் தன் இடுப்பு வாரால் இறுகக் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டு எழுந்தான். அடுத்த குண்டு அவன்மேல் பாய்ந்தது. கர்னலுக்குக் கை போயிற்று, உயிர் தங்கியது.

அவர் ஊர் திரும்பும் நாளுக்கென்று வீட்டுக்கொரு கண்ணாடி ரொட்டித் தட்டு செய்தோம், அதில் அவர் உருவம். முதல் நானூறு தட்டு வந்ததும் ஆர்ஃபா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. கர்னல் இடக்கையில் வாள் பிடித்திருந்தார். வலது சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது.

தட்டுக்கு அச்சு வெட்டியவர் மாயில். முப்பது வருஷமாக ஜாடி அச்சே வெட்டியவர். ஜாடியை வெளியிலிருந்து பார்ப்பதால் இரும்பில் உருவத்தை இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். தட்டின் உருவம் அடிப்பக்கம் இருக்கும், மேலிருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்போம், மாற்றவே கூடாது. மனுஷர் பழக்கதோஷத்தில் மாற்றிவிட்டார்.

மேலாளர் பெல்கர், அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், இன்னும் பத்தே நாள்தான் இருக்கிறது, கட்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார். எந்தக் கை என்று யார் பார்க்கப்போகிறார்களாம்.

"நான் பார்ப்பேன், மிஸ்டர் பெல்கர். அந்தக் கையைக் கட்டப் போய்த்தான் என் பையன் செத்தான். இதை நான் கட்டமாட்டேன்."

வைக்கோலைப் போட்டுவிட்டுத் தட்டோடு நேரே அச்சுப் பட்டறைக்கு நடந்தாள். வேலை போனால் போகட்டும் என்று நாங்களும் பின்னாலேயே போனோம், பெல்கரும் கத்திக்கொண்டே வந்தார். மாயிலிடம் குறை சொன்னவர் அதுவரை யாருமில்லை. அவர் தட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"தப்பு என்னோடது, பெல்கர். அந்தம்மா சொல்றதுதான் சரி. புதுசா வெட்டித் தரேன்."

மாயில் சொல்லிவிட்டால் அங்கே மறுபேச்சு கிடையாது. நானூறு தட்டையும் நாங்களே உடைத்தோம், மறுபடி உலையில் போட. முதல் தட்டை ஆர்ஃபா போட்டுடைத்தாள். அந்தச் சத்தம் தந்த சந்தோஷத்தைப் போல் இன்னொன்றை நான் கண்டதில்லை. ஏழாம் நாள் புது அச்சு இறங்கியது.

கர்னல் வந்த அன்று மேயர் வீட்டில் விருந்து காத்திருந்தது. அவரோ பீமர் வீட்டுக்கு வழி கேட்டு வந்துவிட்டார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். ஒற்றைக் கையால் முடியாதே என்று ஆர்ஃபாவே ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, புதுத் தட்டில் வைத்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் மட்டும் இருக்கேனே, மிஸஸ் பீமர். வேட் இல்லையே."

"நீங்க உக்காந்து சாப்பிடறீங்களே, கர்னல். அதுல இருக்கான்."

நான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி அழுதேன். அவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.