கயிற்றால் கட்டிய பிடி

சுவிஸின் எங்கடின் மலைப்பகுதியில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் பெற்றோலில் ஓடும் பழைய பனி எறியும் மெஷின் ஒன்று இருக்கிறது. கைபிடியில் உள்ள இரும்புப் பிடியை அமத்தியபடி இருந்தால்தான் உள்ளே தகடுகள் சுற்றும், விட்டால் நின்றுவிடும். ஆளின் கையைக் காப்பாற்றுவதற்கென்றே செய்த ஏற்பாடு அது. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. சென்ற கார்த்திகையில் ஒருநாள் காலை, விரல் விறைக்கிறதென்று அந்தப் பிடியை நைலோன் கயிற்றால் அமத்திக் கட்டிவிட்டேன். குளிருக்காகக் கைபிடியில் மாட்டியிருந்த தடித்த துணியுறைக்குள் கயிறு வெளியே தெரியவில்லை.

பாதி முற்றம் தள்ளியபோது, முதலாம் மாடியில் குழாய் ஒழுகுகிறதென்று முதலாளி கூப்பிட்டார். என்னோடு வேலை செய்யும் அண்ணையிடம் மெஷினை ஓடியபடியே கொடுத்துவிட்டுப் போனேன். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குழாயை இறுக்கிவிட்டு யன்னலால் பார்த்தேன். ஈரப்பனி அடைத்து, மெஷினின் குழலில் இருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. அண்ணை கைபிடியை விட்டுவிட்டு, அடைப்பைக் கையால் எடுக்க முன்னால் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் கயிறு நினைவுக்கு வந்தது. யன்னலில் ஓங்கித் தட்டினேன். காதுக் கவசம் போட்டிருந்த மனிதருக்கு எப்படிக் கேட்கும்?

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. விசா, வேலை, வீடு ஒன்றுமில்லாமல் நான் வந்திறங்கிய முதல் வருடம் எனக்குச் சமைத்துப் போட்ட கை அது. அந்தக் கையை நானே வெட்டிவிட்டேன் என்ற நினைப்போடுதான் ஓடினேன். வாசலில் சறுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழும்பி, பாய்ந்து மெஷினை நிறுத்தும் திறப்பைத் திருப்பினேன். இயந்திரம் இருமி நின்றது.

அண்ணை குழலுக்குப் பக்கத்தில் வலது கையுறையைக் கழற்றிவிட்டு நின்றார். கேதார கௌரி விரதத்துக்குக் கட்டிய காப்பு நூலைச் சட்டைக் கைக்குள் கவனமாகச் செருகிக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்கு இப்பிடி ஓடி வாறாய்? பிடியை விட்டிட்டன்தானே” என்றார்.

துணியுறையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காப்பு நனையப் போகுதெண்டு உள்ளுக்கை விட்டுக்கொண்டு நிண்டனான். இல்லாட்டி எப்பவோ கையை வச்சிருப்பன். அம்மாளாச்சிதான் காப்பாத்தினவ.” கயிற்றைத் தொட்டு, “இதை நீயோ கட்டினனி?” என்று கேட்டார்.

எங்களோடு வேலை செய்யும் போர்த்துக்கீசர் மேல் பழியைப் போடும் சொல் நா நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது.

“ஓம் அண்ணை.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நிலவறைக்குப் போய், அடைப்பை எடுக்கும் தடியைக் கொண்டுவந்து பனியைக் குத்திக் கிளறினார். நான் கயிற்றை வெட்டிக் குப்பையில் போட்டேன். அன்று மத்தியானம் வழக்கம்போல அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் எனக்கும் பங்கு இருந்தது.

இப்போதும் நாங்கள் ஒன்றாகத்தான் பனி தள்ளுகிறோம். ஆனால் எனக்குப் பிறகு அவர் மெஷினை எடுக்கும்போது, முதலில் துணியுறையைத் தூக்கிப் பிடியைத் தடவிப் பார்க்கிறார். நான் பக்கத்தில் நின்றாலும் பார்க்கிறார்.