அரளியின் உயரம்

சங்ககிரியைத் தாண்டி, நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் நிற்கும் அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது நல்லாயியின் வேலை. டேங்கர் லாரி ஊர்ந்து போகும். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நடப்பாள்.

அரளியை அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஊரில் எல்லோரையும் போல அவளும் ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கே போக, ஊரார் நாலைந்து செடிகளைப் பிடுங்கித் தடம் போட்டார்கள். பிடுங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

அந்த இடைவெளி வழியாகத்தான் எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அவள் மகன் பூபதியின் கண்ணில் அடித்தது. பைக்கோடு விழுந்தவன் எழவில்லை.

காரியம் முடிந்த கையோடு அவள் இந்த வேலையில் சேர்ந்தாள். முதலில் அந்தத் தடத்தில்தான் அரளிக் குச்சி நட்டாள். யாரோ பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி நட்டாள்.

"எங்க தடத்தையே அடைக்கறயே அக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள்.

"சுத்திப் போ சாமி. உசுரோட ஊடு போய்ச் சேருவ."

அதற்குப் பிறகு யாரும் அதில் கை வைக்கவில்லை.

இந்த வருஷம் செடிகள் தழைத்துக் கிளைகள் சாலைக்கு நீண்டன. சூப்பர்வைசர் ஆட்களோடு வந்து, எல்லாவற்றையும் இடுப்பளவுக்கு வெட்டச் சொன்னார். நல்லாயி குழாயைக் கீழே போட்டாள். தான் நட்ட செடியின் அருகே போய், முகத்துக்கு நேராகக் கையை நீட்டி நின்றாள்.

"பைக்குல உக்காந்தா எம்பையன் கண்ணு இந்த ஒசரத்துல இருக்குமுங்க. இதுக்கு மேல வெட்டிக்குங்க."