வெள்ளிக்கிழமைகளில் நான் அணைத்த பெட்டி

என் மகனுக்குக் கிடைக்க இருந்த கப்பல் வேலையைக் கெடுத்தவள் நான்தான். பழியை மருமகள் தலையில் விழவிட்டவளும் நான்தான்.

இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகன் சேகர் கப்பலில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். வருடத்தில் இரண்டு மாதம்தான் திருவொற்றியூரில் இருப்பான். அவன் சான்றிதழ்கள், எங்கள் ஆதார், வீட்டுப் பத்திரம்... எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரு கறுப்புப் பெட்டியில் போட்டுவைத்தான். செங்கல் அளவுதான் இருக்கும். சர்வர் என்பார்கள். முதலில் அது வீட்டுக்குள் மட்டும்தான் வேலை செய்தது. கடலில் இருக்கும்போதும் எடுக்க வேண்டும் என்று, பஷீர் என்ற பிள்ளையை வரவழைத்து இணையத்தில் அதற்கு வழி திறக்கச் சொன்னான்.

பஷீர் அரைநாள் உட்கார்ந்து தட்டினான். பிறகு தெருவில் இறங்கி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று, கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். அதில் என் ரேஷன் கார்டு! என் முகம்!

"ஆயா, பாத்தியா! உன் புள்ள எந்த நாட்டுல இருந்தாலும் உன் மூஞ்ச பாக்கலாம்!"

"வேற யாருனா பாத்தா?"

"பாஸ்வேர்டு தெரிஞ்சாதான் ஆயா வர முடியும். உன் புள்ளைக்கும் மருமவளுக்கும் மட்டும்தான் தெரியும். நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?"

மருமவளுக்கும்...

அன்று பிடித்தது எனக்குச் சந்தேகம். மருமகள் ஜான்சியின் அண்ணன் ஒருமுறை வந்தபோது, "வூடு யார் பேர்ல கீது?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டிருந்தான். பத்திரம் இப்போது பெட்டிக்குள். பெட்டியின் சாவி அவளிடம். பெட்டியில் அந்தப் பச்சை விளக்கு கண்ணடிக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று வீட்டைவிட்டு வெளியே போகிறது என்றே தோன்றும். எது? யாருக்கு? அவள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தால்கூட நான் பெட்டியைத்தான் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, தயிர் என்று யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள். உப்பையே கொடுக்காதவள், பத்திரத்தை விடுவேனா? ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, நேராகப் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

ஜான்சி தையல் கம்பெனியிலிருந்து எட்டு மணிக்குத்தான் வருவாள். கேட் சத்தம் கேட்டதும் திரும்பப் போட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும்...

அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் சேகர் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், ஓர் அலுவலகத்தில் நின்றிருந்தான். பெரிய கப்பல், நல்ல பதவி. பழைய பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை உடனே காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். பெட்டி பேசவில்லை. ஜான்சியின் கைப்பேசியோ கம்பெனி வாசலிலேயே வாங்கிவைக்கப்பட்டிருந்தது. என்னுடையது? விளக்கு வைக்கும் நேரமென்று நானே ஒலியை அடக்கிவைத்திருந்தேன்.

அந்த வேலை இன்னொருவனுக்குப் போயிற்று.

அந்தக் கப்பலில் போனால் ஒன்றரை வருடம் திரும்ப முடியாது. "வாணாங்க, போவாதீங்க" என்று ஜான்சி ஒரு வாரமாகக் கைப்பேசியில் அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சந்தேகப்பட இது போதாதா அவனுக்கு? அன்று இரவு அவன் கேட்டு ஜான்சி போய்ப் பார்த்தபோது பெட்டியில் பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவளே அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டிருப்பாள் என்று நினைத்தான்; அதுவும் அவளுக்கே வினையாயிற்று!

மறுநாள் எனக்கு அழைத்தான்.

"எம்மா, நெசத்த சொல்லு. அவ வேலைக்குப் போறப்ப அந்தப் பெட்டிய நோண்டினாளா?"

ஜான்சி என் பக்கத்தில்தான் நின்றாள். "அத்தே, சொல்லுங்க அத்தே. நான் தொட்டனா? நீங்கதான வூட்ல இருந்தீங்க!"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை... நாக்கு வரைக்கும் வந்தது. மகன் என்னைத் திட்டுவானோ, 'கெழவிக்கு புத்தி கெட்டுப்போச்சு' என்பானோ என்ற பயம். நான் சொன்னது இதுதான்:

"பெட்டி கிட்ட நின்னுகினு இருந்தாப்பா. இன்னா பண்ணான்னு நான் பாக்கல."

அவள் நின்றது உண்மை. துணியால் தூசி துடைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் துணியை மட்டும் ஏன் விட்டுவிட்டேன்? எனக்கே தெரியவில்லையா, இல்லை, தெரிந்துதான் விட்டேனா?

ஜான்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தெரிந்துகொண்டாளா? இன்றுவரை அந்தப் பார்வையை நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சேகர் இப்போது என்னிடம் மட்டும்தான் பேசுகிறான். அவளிடம் 'சாப்டியா' என்பதோடு சரி. பாஸ்வேர்டை மாற்றி, எழுத்து எழுத்தாகச் சொல்லி, என்னை எழுதிக்கொள்ளச் சொன்னான். பெட்டியையும் என் அறைக்கு மாற்றச் சொன்னான். "உன்னத் தவுர யாரையும் நம்ப முடியலம்மா" என்றான்.

நான் 'சரிப்பா' என்றேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நேற்று சாயங்காலம் ஜான்சி என் அறை வாசலில் வந்து நின்றாள். பத்து வருடமாக என் தலைக்கு எண்ணெய் வைக்கவும், கால் பிடிக்கவும் கேட்காமல் உள்ளே வந்தவள்.

"அத்தே, என் பத்தாவது மார்க் ஷீட்டு காப்பி ஒண்ணு வேணும். ஒரிஜினல் கம்பெனில கீது." வாசற்படியைத் தாண்டவில்லை. "உள்ள வரலாமா?"