காகிதத்தில் மட்டும் விவாகரத்து

சீனாவின் செங்சோ நகரில் பேன்ட் நீளம் குறைத்துத் தைக்கும் யுன்ஃபாங், விவாகரத்து வாங்கிய அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அதைக் கேட்டால் அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

காரணம் வீடு. ஏற்கெனவே வீடு உள்ள குடும்பம் இன்னொன்று வாங்கினால் முன்பணம் இரண்டு மடங்கு, வட்டியும் அதிகம். வீடில்லாத தனியாள் என்றால் எல்லாம் சலுகை. அதனால் இருக்கிற வீட்டைக் கணவன் பெயரில் விட்டுவிட்டு, மனைவி விவாகரத்து வாங்கிப் புது வீடு பதிவது அப்போது ஊரே செய்த வேலை. விலை மாதாமாதம் ஏறும்போது யார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

"அக்கா, இது வெறும் காகிதம். போன வாரம் ஏழு ஜோடிய அனுப்பினேன். ஏழும் ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போச்சு," என்றான் தரகன்.

விவாகரத்துப் பதியும் அலுவலகத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். தர்ப்பூசணி விதை கொறித்தபடி ஜோடிகள் வரிசையில் நின்றன.

"ஏன் பிரியறீங்க?" என்று கேட்டாள் எழுத்தர், தலை நிமிராமல்.

"இவர் குறட்டை விடறாரு," என்றாள் யுன்ஃபாங். நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவன் ஷௌகென் வாயைப் பொத்திக்கொண்டான். வெளியே வந்ததும் ஆட்டுக்கறி நூடுல்ஸ் வாங்கித் தந்தான். வீட்டுப் பத்திரம் கைக்கு வந்த மறுநாளே திரும்பவும் கல்யாணம் என்று பேச்சு.

புது வீடு இருபத்தாறாவது மாடியில். கட்டடம் பதினெட்டாவது மாடியோடு நின்றுவிட்டது. கட்டியவர் கைவிரித்துவிட்டார். வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் யுன்ஃபாங் போய் அண்ணாந்து பார்ப்பாள். தன் வீடு இருக்கவேண்டிய இடத்தில் வானம் இருக்கும். வாங்கிய மற்றவர்களோடு சேர்ந்து பதாகை பிடித்தாள். கொளுத்தும் வெயிலில் நின்றதுதான் மிச்சம். மூன்று வருடம் முக்கி முனகிக் கட்டியவள், தையல் வேலை குறைந்ததும் தவணையை நிறுத்தினாள். வங்கியிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது.

அதன் பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. வீடு போனால் போகட்டும். இந்த வீட்டில் நான் யார்?

"ஷௌகென், பத்திரம் இனி வராது. நாம போய்க் கல்யாணத்தப் பதிஞ்சுட்டு வந்துடலாமா?"

அவன் அவளுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"இப்பப் பதிஞ்சா பேங்க்காரன் இந்த வீட்டுப் பக்கமும் திரும்புவான், யுன்ஃபாங். நம்ம பொண்ணு ஷின்யிக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்."

"அப்படிச் சட்டம் இல்லைங்கறாங்களே."

"விலை இறங்காதுன்னும்தான் சொன்னாங்க."

அவன் கெட்டவனாயிருந்தால் நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். வேறொருத்தி இருந்தால் போய் முடியைப் பிடித்திருக்கலாம். ஒன்றுமில்லை. இரவில் அவள் கால் வலிக்கு வெந்நீர் வைத்துத் தருகிறவன் அவன். அவன் சொல்வதும் சரி. மகள் ஷின்யியை நினைத்தால் அவளுமே அதைத்தான் சொல்லியிருப்பாள். அந்தச் சரிதான் அவளைக் கொன்றது.

அந்தக் குளிர்காலம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வெந்நீர் குடித்துவிட்டுக் கைக்கணினியைத் திறந்தாள்.

"வீட்டுத் தலைவர் மாமாதானே? அத்தை உங்களுக்கு என்ன உறவு? மனைவின்னு போடட்டுமா?"

ஷௌகென் கைக்கணினியை எட்டிப் பார்த்தான். "இது... பேங்க்குக்கெல்லாம் போகுமா?"

"போகாது மாமா. யாருக்கும் காட்டமாட்டோம்."

அப்படியும் அவன் சுவரைப் பார்த்தான்.

"வேற என்னென்ன போடலாம்மா?" என்று கேட்டாள் யுன்ஃபாங்.

அந்தப் பெண் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். "மகள், மருமகள், அம்மா, உறவுக்காரங்க, வீட்டு வேலைக்கு இருக்கறவங்க, வாடகைக்குக் குடியிருக்கறவங்க..."

யுன்ஃபாங் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லமாட்டானா என்று பார்த்தாள். அவன் குனிந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனான்.

"குடியிருக்கறவங்கன்னே போட்டுக்கம்மா," என்றாள்.

"வாடகை எவ்வளவு அத்தை?"

உள்ளே குழாய் திறந்திருந்தது. யுன்ஃபாங் அக்கம்பக்கத்தில் ஓர் அறைக்கு என்ன வாடகையோ அதைச் சொன்னாள்.